இரவல் காரும் இரண்டு வாஷரும்

பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஒரு மாதத்துக்கு இரவல் கொடுப்பவர், விவரம் தெரிந்தவராக இருந்தால், சாவியோடு ஒரு கண்டிப்பும் சேர்த்துத் தருவார்: கிளட்சை மிதித்தபடி நிற்கக் கூடாது.

1962ல் இங்கிலாந்தில் பிறந்த இந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் தமிழர்களுக்கு அவ்வளவு அந்நியமல்ல. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன்மேல் கட்டியது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கேலொட்டி. என்ஜினும் ஒரே குடும்பம். வியாதியும் குடும்ப வியாதிதான்.

கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்பக்கம் தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர். தேய்ந்து மெலிந்தால் அது நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கையே உரசும். போனது வாஷர் அல்ல, என்ஜின். இத்தனைக்கும் வாஷர் விலை அற்பம். என்ஜினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் இரவல் காரில் யார் கை வைப்பது?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கி.மீ. டாப் கியரில் ஒரே சீராகப் போனால் வாஷருக்கு வேலையே இல்லை. மலைதான் ஆபத்து என்று பலரும் நினைப்பார்கள். உண்மையான எமன் அடிவாரத்தில், அலிபிரி சோதனைச் சாவடி வரிசையில் இருக்கிறான். பத்தடி நகர்வதும் நிற்பதுமாக, கால் கிளட்சை விட்டு எடுபடாது. ஒவ்வொரு முறையும் நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுக்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு, அதுவும் பின்னால் ஜீப் ஹாரன் அடிக்கும்போது?

மேலே ஏற 1974ல் திறந்த பாதை, இறங்க 1944ன் பழைய பாதை. இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள்தோறும் கியர் மாற்றம், மறுபடி கிளட்ச். வேகமாக இறங்கி முடித்துவிடவும் வழியில்லை. நேரக் கட்டுப்பாடு உண்டு.

புறப்படுமுன் ஒரு சோதனை செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் காரைச் சித்தூரிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவது உத்தமம். அலிபிரியிலிருந்து நடந்தே ஏறினாலும் 3,550 படிதான்.