எலி மேல் பழி போடலாமா?



ஊறுகாயில் உப்பு குறைந்தால் பூஞ்சணம் பூக்கும். மரக்காணம் உப்பு அதைத் தடுக்கும். ஆனால், உடம்புக்குள்ளேயே பூஞ்சை புகுந்துவிட்டால்?

வியட்நாமில் 1956ல் மூங்கில் எலி ஒன்றிடம் ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். அந்த எலியின் உறவுக்கார எலிகள் நம் மணிப்பூர் காடுகளில் உண்டு. அவற்றிடமும் அது இருந்தது. பார்த்தால் கொழுகொழுவென்றுதான் இருக்கும்! ஆனால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த மனிதருக்கு இந்தப் பூஞ்சை தொற்றினால் காய்ச்சல், மெலிவு, தோலில் கொப்புளம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எலியிடமிருந்து நேராகத் தொற்றுவதற்கு ஆதாரம் இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சைத் துகளை மூச்சில் இழுப்பதால் வருவதாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். எலியை அடித்து என்ன பயன், பாவம்!

அந்த எலி மரக்காணத்தில் இல்லை. ஆனால் படர்தாமரையும் பூஞ்சைதான், விலங்குகளிடமிருந்தும் ஒட்டும். உப்பளக் கரையில் செத்த பிராணி கிடந்தால் தொடாதீர்கள். தோலில் வட்டமாக அரித்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.