கம்பிக்குக் காவல்

சென்ற ஐப்பசி மழையில் நமது இல்லத்தில் ஒரு சிறு கலகம் விளைந்தது. சமையலறையில் கிரைண்டரைப் போட்ட மாத்திரத்தில் வீடு முழுவதும் இருண்டு போயிற்று. மெயின் பலகையில் ஆர்.ஸி.ஸி.பி. என்னும் சாதனம் கீழே விழுந்து கிடந்தது. தூக்கி விட்டோம், மறுபடியும் விழுந்தது.

அழைத்து வந்த மின்சார மிஸ்திரி, "இது வீண் தொல்லை, ஸார்! கழற்றிவிட்டு நேராகக் கொடுத்து விடுகிறேன். ஃப்யூஸ்தான் இருக்கிறதே!" என்றார். வெளிச்சம் வந்தால் போதுமென்று நாமும் தலையசைக்க இருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம். நல்ல வேளையாக வீட்டு அம்மாள் குறுக்கிட்டு, "நாலு நாளாகக் கிரைண்டரைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது, அதனால்தான் பலகை மேல் நின்று அரைக்கிறேன்" என்றாள். நாலு நாளாக! நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஃப்யூஸ் இருக்கையில் பயமில்லை என்னும் நம்பிக்கை நம்மவரிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. உண்மையில் ஃப்யூஸும், அதன் இக்காலத்துத் தம்பியாகிய எம்.ஸி.பி.யும் காப்பது கம்பியைத்தான். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் பார்ப்பதோடு அவற்றின் கடமை தீர்ந்தது. 5 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால், 5,000 மில்லி ஆம்பியர் ஓடும் வரையில் அது வாய் திறவாது. மனித உடலின் கதையோ வேறு. கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் டால்ஸீல் என்னும் பேராசிரியர், தாமே முன்வந்தவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஏறியதும், பிடித்த கம்பியை விடக் கை மறுத்து விடுகிறது என்று அதில் கண்டார். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றே 170 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பு எரியப் போதாத மின்சாரம் ஆளை மாய்க்கப் போதும்; ஃப்யூஸ் அதைக் கண்டு கொள்ளவும் செய்யாது.

அந்த டால்ஸீலே 1961-இல் இதற்கு ஒரு காவல் அமைத்தார். நம் வீட்டு ஆர்.ஸி.ஸி.பி.யும் அந்த இனந்தான். அதைக் கண்டிப்பான கணக்குப்பிள்ளை எனலாம். ஒரு கம்பியில் போன மின்சாரம் அவ்வளவும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குக் கசிகிறது என்று தீர்மானித்து, விநாடியின் சிறு பகுதிக்குள் கதவை அடைத்து விடுகிறது. ஷாக் அடிக்கும்; ஆனால் பிடித்துக் கொள்ளாது. அதற்காக, ஒரு கையில் பேஸ் கம்பியையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்து யாரும் சோதிக்க வேண்டாம். பல்பு எரிவதற்கும் இதற்கும் அக்கணக்குப்பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது!

வேறு மிஸ்திரி வந்து கிரைண்டரைப் பிரித்தார். மோட்டாருக்குள் நுழையுமிடத்தில் ஒயரின் மேலுறை தேய்ந்து, உலோக உடலைத் தொட்டுக் கொண்டிருந்தது. மூன்று பின் பிளக்கிலோ எர்த் கம்பி மாட்டப்படவே இல்லை. சாரலில் தரை நனைந்த அன்றுதான் கசிவுக்கு வழி கிடைத்திருக்கிறது.

அவர் புறப்படுமுன், ஆர்.ஸி.ஸி.பி.யில் 'டி' என்று பொறித்த சிறு பொத்தானைக் காட்டி, "மாதம் ஒரு முறை அழுத்துகிறீர்களா?" என்று கேட்டார். அழுத்தியதும் விழாவிட்டால் சாதனம் பழுது, மாற்றியே தீர வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் நாம் அதைத் தொட்டதே இல்லை. அன்று அழுத்தினோம், டக்கென்று விழுந்தது. ஒன்றாந் தேதிதோறும் அழுத்தும் உத்தியோகத்தை வீட்டு அம்மாள் நமக்கே அளித்திருக்கிறாள்.