தேதிப் பிழை ‘சூழல் கோளாறு’ அன்று

2023ஆம் ஆண்டில் வாளையாற்றுக்குக் கிழக்கே ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள். மேற்கே, கஞ்சிக்கோட்டில், மேடம் ஒன்றாம் நாளும் விஷுவும் ஏப்ரல் 15. சூரியன் மேடராசியுள் புகுந்த கணம் இரு பக்கத்துக்கும் ஒன்றே. வேறுபட்டது விதி. சங்கிராந்தி சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்பது தமிழ் வழக்கு. பகலை ஐந்தாகப் பகுத்து முதல் மூன்று பங்குக்குள், அதாவது ஏறத்தாழப் பிற்பகல் 1.12க்குள் நிகழ்ந்தால்தான் அன்று, இல்லையேல் மறுநாள் என்பது மலையாள வழக்கு. அவ்வாண்டு சங்கிராந்தி இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் விழுந்தது. எந்தப் பஞ்சாங்கமும் பிழைபடவில்லை. இரண்டும் தத்தம் விதியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே கணிக்கின்றன.

மென்பொருள் எழுதுவோர் செய்யத் தவறுவது இதைத்தான். தேதியைப் படிக்கும் நிரலின் சோதனை லினக்ஸில் தேறி விண்டோஸில் தோற்றால், அதற்குச் ‘சூழல் கோளாறு’ என்று பெயரிட்டு, தேறும்வரை மீண்டும் மீண்டும் ஓட்டுகிறார்கள்; அப்போதும் தேறாவிட்டால் அந்தத் தளத்தில் மட்டும் சோதனையைத் தவிர்க்குமாறு ஒரு வரி சேர்க்கிறார்கள். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்பது விளக்கம் அன்று. எழுதப்படாத ஒரு விதி அந்தக் கணினியில் தற்செயலாகப் பொருந்தியது என்பதற்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

05/03/2004 என்பது இந்தியாவில் மார்ச் 5. அமெரிக்க அமைப்பில் மே 3. நாளும் மாதமும் பன்னிரண்டைத் தாண்டாமலும் ஒன்றுக்கொன்று வேறாகவும் உள்ள தேதிகள் ஓர் ஆண்டில் 132. ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது இது. ஆனால் சோதனைகளில் அடிக்கடி காணப்படுவதோ 25/12, 31/12 போன்றவை. இவற்றை மாற்றிப் படித்தால் நிரல் உடனே பிழை காட்டும். 05/03 மட்டும் ஓசையின்றித் தவறான நாளாகிவிடும். பிறந்த நாள் இவ்வாறு திரிந்தால், பள்ளிச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளவர் ஒரே ஆள்தான் என்று நிறுவும் சுமை நிரல் எழுதியவர் மேல் விழுவதில்லை. வரிசையில் நிற்கும் மாணவியின் மேல் விழுகிறது.

இந்தியாவில் இருப்பதாலேயே மறைந்துகொள்ளும் பிழையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 2024-03-05 என்று நாளை மட்டும் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவாகக் கொள்ளப்படும். கஞ்சிக்கோட்டில் அப்போது அதே நாள் காலை 5.30, சோதனை தேறிவிடும். நியூயார்க்கிலோ முந்தைய நாள் மாலை 7 மணி. எதிர்த்திசையிலும் இடறல் உண்டு: நமது நள்ளிரவை யூடிசிக்கு மாற்றினால் முந்தைய நாள் 18.30 ஆகிவிடும். நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே மட்டும் தோற்கும் சோதனைகளின் மர்மம் பெரும்பாலும் இதுதான். நிரல் ‘இன்று’ எது என்று இயங்குதளத்திடம் கேட்கும்வரை இது தீராது. நேரத்தை வெளியிலிருந்து உள்ளீடாகத் தர வேண்டும்.

இங்கே வழக்கமான மருந்து ஒன்று சொல்லப்படும்: சோதனை ஓடும்போது நேர வலயத்தை யூடிசி என்றும் மொழியமைப்பை அமெரிக்க ஆங்கிலம் என்றும் பூட்டிவிடுவது. பாதி மருந்து இது. நிரலின் தருக்கத்தைச் சோதிக்க அது போதும். ஆனால் பயனரின் கருவி அப்படிப் பூட்டப்பட்டிருப்பதில்லை. இலங்கை 1996இல் இருமுறை தன் நேரத்தை மாற்றியது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணி வேறுபாட்டுக்குத் திரும்பியது. வலயத் தரவு புதுப்பிக்கப்படாத கணினியும் புதுப்பிக்கப்பட்டதும் கொழும்பு நேரத்தில் அரை மணி முரண்படும். எந்தப் பதிப்புத் தரவைக் கொண்டு சோதித்தோம் என்று குறித்து வைக்காதவர்களுக்கு இந்த முரண் புரியப்போவதே இல்லை.

2023 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 20 இதைவிட நுட்பமான பாடம். அது எடுத்துக்கொண்ட புதிய மொழியமைப்புத் தரவில், ஆங்கில நேர வடிவத்தில் மணிக்கும் முற்பகல்-பிற்பகல் குறிக்கும் நடுவிலிருந்த சாதாரண இடைவெளி, பிரியாத குறுகிய இடைவெளி என்ற வேறொரு யூனிகோடு எழுத்தாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதுவரை தேறிய சோதனைகள் பல இடங்களில் சரிந்தன. பழியைத் தரவின் மேல் போட்டவர்கள் உண்டு; மனிதர் படிக்க அமைந்த வடிவத்தை இயந்திரங்களுக்கிடையே பரிமாறத் துணிந்ததுதான் குற்றம். பரிமாற்றத்துக்கு ஐஎஸ்ஓ 8601 இருக்கிறது.

எல்லாத் தளங்களிலும் எல்லாவற்றையும் ஓட்ட நேரமேது, பணமேது என்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஓட்ட வேண்டியதில்லை. தேதியைத் தொடும் சில நூறு வரிகளை மட்டும் கொல்கத்தா, நியூயார்க், ஐந்தே முக்கால் மணி வேறுபாடுள்ள காத்மாண்டு, பதினான்கு மணி முந்திய, கிரிபாட்டியின் கிழக்குத் தீவுகள் ஆகிய வலயங்களில் ஓட்டினால் சில நொடிகளில் முடியும். தோற்ற சோதனையை மறுபடி ஓட்டிக் காத்திருக்கும் நேரம் இதைவிட அதிகம்.

பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: இடைமுக மொழி தமிழ், மாநிலம் கேரளம், நாள் கொல்லம் 1198 மேடம் 1. பயனர் தமிழைத் தேர்ந்தவுடன் அதைச் சித்திரை 1 என்று கொண்டு ஏப்ரல் 14 எனக் காட்டும் நிரலை, பாலக்காட்டு மாவட்டத் தமிழர் ஒருவர் ஒரே பார்வையில் தவறென்று சொல்லிவிடுவார்.