பீரோவுக்குள் இருக்கும் கல்யாண சிடி



"கல்யாண வீடியோ சிடியில பத்திரமா இருக்கு சார்" என்று இன்னும் சொல்கிறீர்கள். என்ன பத்திரம்? புதிதாக வாங்கும் லேப்டாப்பில் சிடி போடும் இடமே பெரும்பாலும் இல்லை.

கடையில் விற்ற சினிமா சிடி அச்சில் அழுத்தியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நாம் 'ரைட்' பண்ணியது அப்படியல்ல. சாயப் பூச்சில் லேசர் சுட்டு வைத்த தடம். வெயிலும் ஈரமும் பட்டால் மங்கும். நம் கம்பத்துச் சாரலுக்குக் கேட்கவே வேண்டாம். அதிலும் சிடியில் தகவலைத் தாங்கும் பூச்சு பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் 'காதுகுத்து 2004' என்று அழுத்தி எழுதிவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் துணியால் துடைக்கிறீர்கள்!

ஏடு செல்லரிக்கும் என்று தெரிந்துதான் நம் முன்னோர் அரிக்குமுன் புது ஏட்டில் படி எடுத்தார்கள். எடுக்காமல் விட்டவை என்ன கதிக்கு ஆளாயின என்பதை உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார்.

"கூகுளில் ஏற்றிவிட்டேன்" என்பவர்களே, இலவசம் 15 ஜிபிதான். இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கை நீக்கலாம் என்று 2023இல் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஹார்டு டிஸ்க்கில் ஒரு படி, வெளியூர்த் தம்பி வீட்டில் இன்னொன்று. காப்பி ஆனதும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பந்தியில் "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்லிக்கொண்டு போகும் அப்பாவின் குரல் வேறெங்கும் இல்லை.

என் பழைய கம்ப்யூட்டரில் டிரைவ் இன்னும் ஓடுகிறது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் சிடியோடு ஹார்டு டிஸ்க்கும் கொண்டு வாருங்கள்.