எந்த லிம்போமா என்று எழுதுங்கள்

தெற்காசியாவின் முதல் புரோட்டான் புற்றுநோய் சிகிச்சை மையம் 2019-ல் தரமணியில் திறக்கப்பட்டது. அதிலிருந்து சில கிலோமீட்டரில், 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களிலிருந்து பராமரித்துவருவதும் அதுதான். இவ்வளவும் கையருகே இருந்தும், இந்தியர்களுக்கு லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயில் எந்த வகை எவ்வளவு வருகிறது என்று கேட்டால் கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் ஆய்வைத்தான் இன்றும் பலர் எடுத்து நீட்டுகிறார்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் கே.என்.நரேஷும் சக மருத்துவர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா இருந்த 2,773 பேரை அது வகைப்படுத்தியது. அதில் வேகமாக வளரும் பெரும் பி-செல் வகை 34%. ஆமை வேகத்தில் நகரும் பாலிகுலர் வகை 12.6%. ஆனால், 1997-ல் வந்த பன்னாட்டு ஆய்வில் பாலிகுலர் 22%!

நம் மக்கள்தொகையில் இளையோர் அதிகம். பாலிகுலரோ பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய். அதனால் கொஞ்சம் குறையலாம். முழு வித்தியாசத்துக்கும் அது காரணமென்று நான் நம்பவில்லை. வலிக்காத நெறிக்கட்டி கழுத்தில் வருடக்கணக்கில் கிடந்தாலும் நம் ஊரில் யாரும் மும்பைக்கு ரயில் ஏறுவதில்லை. காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த பிறகுதான் கிளம்புகிறார்கள். ஆக, அந்த ஆய்வு எண்ணியது அங்கே வந்து சேர்ந்தவர்களைத்தான், நாட்டை அல்ல. வேலூர் சி.எம்.சி. 2013-ல் வெளியிட்ட 5,115 பேரின் ஆய்வுக்கும் இதே வரம்பு உண்டு.

பதிவேடு அப்படியல்ல, அது ஊரையே எண்ணுகிறது. ஆனால், பயாப்சி அறிக்கையில் இருப்பதைத்தானே அதுவும் எழுத முடியும்? ஊசியில் உறிஞ்சிய நாலு செல்லைப் பார்த்து 'லிம்போமா' என்று மட்டும் எழுதி அனுப்பினால், பதிவேட்டில் அது 'வகை குறிப்பிடப்படாதது'.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. சிடி20 என்ற புரதம் உள்ள பி-செல் கட்டிகளில்தான் ரிடுக்சிமாப் என்ற மருந்து வேலை செய்யும். அதன் இந்திய வடிவத்தை டாக்டர் ரெட்டீஸ் 2007-ல் கொண்டுவந்தது. மும்பைக் கணக்கில் 16.2% ஆக இருந்த டி-செல் நோயாளிகளுக்கு அந்த மருந்தால் பயனில்லை. வகை தெரியாமல் எந்த மருந்தை எவ்வளவு வாங்கிவைப்பது?

புரதக் குறியீடுகளைக் கண்டறியும் பரிசோதனை எல்லா அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இலவசமாக, தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். வகை எழுதாத அறிக்கையை முழுமையற்றதாகவே கருத வேண்டும். வாசகர்களுக்கு ஒன்று: காசநோயாக இருக்கலாம் என்று கொடுத்த மாத்திரைக்கும் நெறிக்கட்டி கரையாவிட்டால், கட்டியை முழுசாக எடுத்துப் பரிசோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.