அவரை 'சார்' என்று கூப்பிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கமெண்ட்டில் சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் குடும்ப வாட்ஸப் குழுவில் இந்த ஒரு மாதத்தில் மட்டும் நாலு பேர் யூடியூப் லிங்க் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாமே பங்குச் சந்தையில் தினமும் சம்பாதிப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பவர்கள். "மாமா, இந்த சார் சூப்பரா சொல்லித் தர்றார், நீங்களும் பாருங்க" என்று ஒரு குறிப்பு வேறு. அவர்கள் தங்களை 'எஜுகேட்டர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் பிடித்தவன் நான். அந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தத் தொழில் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாம் இலவசம். அவசரத்துக்குப் பணம் ஒதுக்கி வை, டெர்ம் இன்சூரன்ஸ் எடு, கிரெடிட் கார்டு பாக்கி வைக்காதே என்பார். எல்லாம் நல்ல பேச்சு. கூட்டம் சேரும். பிறகு வீடியோவுக்குக் கீழே டிமேட் கணக்கு தொடங்க ஒரு லிங்க். அதன் வழியாக நீங்கள் சேர்ந்தால் அவருக்கு ஒரு தொகை. பிறகு டெலிகிராம் குழு, அதற்கு மாதச் சந்தா. பிறகு ஸ்டார் ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி முகாம். ஆளுக்கு 15,000 ரூபாய், வருடத்துக்கு 2,000 பேர் என்று வையுங்கள். மூன்று கோடி ரூபாய். இதில் சந்தையிலிருந்து வந்தது எவ்வளவு? ஒரு பைசா இல்லை. அத்தனையும் மாணவனின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

நான் கற்பனையாகப் பேசவில்லை. நம் சென்னையைச் சேர்ந்த பி.ஆர். சுந்தரை உங்களில் பலருக்குத் தெரியும். முன்னாள் கணித ஆசிரியர். ஆப்ஷன் வர்த்தகத்தில் பெயர் வாங்கி, யூடியூபில் பெரிய ஆளானவர். பதிவு பெறாமல் கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை வழங்கினார் என்று செபி அவர்மீதும் அவருடைய நிறுவனத்தின்மீதும் நடவடிக்கை எடுத்தது. 2023 மே மாதம் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் வட்டியோடு சேர்த்து ஆறு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டினார்கள். ஓராண்டு பங்குச் சந்தையில் வாங்குவதில்லை, விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். என் சக கணக்கு வாத்தியார் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அதே 2023 அக்டோபரில் இன்னொருவர். 'பாப் ஆஃப் சார்ட்', அதாவது சார்ட்டுக்கே அப்பன், என்ற பெயரில் இயங்கிய நசிருத்தீன் அன்சாரி. கோர்ஸ் என்ற பெயரில் ஆலோசனை விற்றார் என்று சொல்லி, சுமார் 17 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் செலுத்தும்படி செபி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த உத்தரவில் இருந்த இன்னொரு தகவல்தான் முக்கியம். 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகக் கணக்கில் நிகர நஷ்டம் இரண்டரைக் கோடிக்கும் மேல்! நீச்சல் தெரியாதவர் நீச்சல் பள்ளி நடத்தி, அந்தக் கட்டணத்தில் படகு வாங்கிய கதை இது.

இப்போது தேர்ச்சி விகிதத்துக்கு வருவோம். 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து சராசரி நஷ்டம் ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். இது கோர்ஸ் படித்தவர், படிக்காதவர் எல்லோரையும் சேர்த்த கணக்குதான். ஆனால் இந்தப் பாடத்துக்குத்தான் இவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள். என் வகுப்பில் நூற்றுக்கு 93 பேர் ஃபெயில் என்றால் கல்வி அதிகாரி எனக்கு மெமோ கொடுத்திருப்பார். இவர்களோ பாஸான ஒருவனின் ஸ்கிரீன்ஷாட்டை போஸ்டர் அடித்து அடுத்த பேட்ச்சுக்கு அட்மிஷன் போடுகிறார்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். மனைவியின் நாலு பவுனை அடகு வைத்து, ஒரு பகுதியை கோர்ஸுக்குக் கட்டி, மீதியை ஆப்ஷனில் போட்டிருக்கிறான். ஆறு மாதத்தில் போயே போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். அவன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "அவர் நல்லாத்தான் சார் சொல்லிக்கொடுத்தார். எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு பத்தல."

யோசித்துப் பாருங்கள். பணத்தையும் வாங்கிக்கொண்டு, தோல்விக்குக் காரணம் நீதான் என்று அவனையே நம்பவைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஜெயித்தால் என் ஸ்ட்ராட்டஜி, தோற்றால் உன் சைக்காலஜி! ஒரு பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை என்றால், சொல்லிக்கொடுத்த முறையில் என்ன கோளாறு என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன பாடம் இது. பிள்ளையின் தலையில் பழியைப் போடுகிறவனுக்கு வாத்தியார் என்று பெயர் இல்லை.

"பணத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையே, அதனால்தான் யூடியூப் பார்க்கிறோம்" என்கிறீர்கள். தம்பிகளா, எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி போட்டோமே, மறந்துவிட்டதா? அதை இங்கே போட்டுப் பார்ப்போம். "மாதம் 5 சதவீதம் நிச்சயம்" என்கிறார் ஒருவர். அவரிடம் ஒரு லட்சம் இருந்தால் 10 வருடத்தில் அது சுமார் 3 கோடியே 49 லட்சம் ஆகும். 20 வருடத்தில் 1,217 கோடி ஆகும். நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த வித்தை தெரிந்தவர் உங்கள் 15,000 ரூபாய்க்காக ஞாயிற்றுக்கிழமையும் மைக் பிடித்துத் தொண்டை கிழியக் கத்துவாரா?

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. நம் ஊர் வங்கிகளில் எஃப்டி போடப் போனவர்களிடம் யூலிப் பாலிசியைத் தலையில் கட்டியபோது, அது என்ன என்று எளிய தமிழில் புரியவைத்தவர்கள் இந்த யூடியூபில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு என் வணக்கம். செலவைக் குறை, கடனை அடை, நீண்ட காலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமி என்கிறவரைக் கேளுங்கள். அந்தப் பாடம் நாலு வீடியோவில் முடிந்துவிடும். முடிந்த பிறகும் தினமும் ஒரு வீடியோ வருகிறதென்றால், அங்கே பாடம் நிற்கிறது, வியாபாரம் தொடங்குகிறது.

செபியும் இதைத்தான் பிடித்திருக்கிறது. பதிவில்லாமல் ஆலோசனை சொல்கிறவர்களோடு புரோக்கர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் விதி வந்தது. கல்வி மட்டுமே தருகிறோம் என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து இயங்குகிறவர்கள், கடந்த மூன்று மாத விலையை வைத்து எந்தப் பங்கைப் பற்றியும் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் விளக்கம் வந்தது. நியாயம்தானே? பாடம் நடத்த பழைய விலை போதும். இன்றைய விலை எதற்கு? டிப்ஸ் கொடுக்கத்தான்.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, ஆலோசனை சொல்ல செபி பதிவு எண் இருக்கிறதா? செபி இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு, அவருடைய மூன்று வருட முழு வர்த்தகக் கணக்கைக் காட்டுவாரா? ஒருநாள் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. மூன்று, போன பேட்ச்சில் படித்த எல்லோரும் இன்று எப்படி இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர் ஆசிரியரே இல்லை. என்னிடம் படித்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்ல பயமாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு பேருமாகப் போய்ச் சொல்வோம்.

குடும்பக் குழுவில் இனி அந்த லிங்க்குகளைப் போட வேண்டாம் என்று மாப்பிள்ளைகளையும் மருமகன்களையும் கேட்டுக்கொள்கிறேன். போட்டால் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்று கொடுப்பேன். போட்டு முடித்த பிறகுதான் அடுத்த பேச்சு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்