தட்டான் பூச்சிதான் வில்லனா?

ஐப்பசி மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு குட்டையில் குனிந்து பாருங்கள். வாலை ஆட்டிக்கொண்டு போகும் தலைப்பிரட்டை. அடியில் சேற்று நிறத்தில் அசையாமல் ஒரு பூச்சி. கண் இமைப்பதற்குள் அதன் கீழுதடு கை மாதிரி நீண்டு தலைப்பிரட்டையைக் கவ்வி இழுத்துவிடும். அந்தப் பூச்சி வேறு யாருமில்லை... நம்ம தட்டானின் லார்வாதான்!

"ஐயோ பாவம், தவளை அழிவதற்கு இதுங்கதான் காரணம்" என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. இரக்கம் நல்லதுதான். ஆனால் கணக்கு தப்பு.

ஒரு பெண் தவளை வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதில் சராசரியாக இரண்டு வளர்ந்து ஆளானாலே அப்பா, அம்மா இடம் நிரம்பிவிடும். மீதி எல்லாமே பிழைத்தால்? தீனி போதாது, வளர்ச்சி குறையும், கால் முளைப்பதற்குள் குட்டை வற்றிவிடும்.

தலைப்பிரட்டையும் சும்மா மாட்டிக்கொள்கிற ஜென்மம் இல்லை. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளையைப் பாருங்கள். தட்டான் லார்வா இருக்கும் நீரில் வளர்ந்தால் அதன் தலைப்பிரட்டைக்கு வால் பெரிதாகிச் சிவந்துவிடுகிறது. கவ்வினால் வால்தான் கிழியும், உயிர் தப்பும்.

இப்படித் தாக்குப்பிடிக்கிற உயிரை எது சாய்க்கிறது? அதே மரத்தவளையை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2001-ல் அமெரிக்காவில் வெளியானது. கார்பரில் என்ற பூச்சிமருந்து கலந்த நீரில் வேட்டை விலங்கின் வாசனையும் சேர்ந்தபோது, மருந்தின் கொடுமை 2 முதல் 4 மடங்கு வரை கூடியது. தவளை சமாளித்துக்கொண்டிருந்த பயத்தையே மருந்து மரணமாக்கிவிட்டது.

இன்னொரு கூத்து, கம்பூசியா மீன். கொசுவை ஒழிக்க 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு மீன் இது. கொசுப்புழுவோடு நிற்காமல் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும். தட்டான் லார்வா கொசுப்புழுவைச் சம்பளமில்லாமல் தின்றுகொண்டிருக்கும் குட்டையில் இந்த மீனை எதற்காக விட வேண்டும்?

வயலில் மருந்தடிப்பது, குட்டையைத் தூர்த்து மனை போடுவது, கண்ட மீனையும் விடுவது எல்லாம் மனிதன். பழி மட்டும் தட்டானுக்கா?

தப்பிப் பிழைத்த தலைப்பிரட்டை நாளைக்குத் தவளையாகிக் கரையில் உட்காரும். பக்கத்தில் பறக்கும் தட்டானை 'லபக்' என்று விழுங்கும். அவர்கள் கணக்கை அவர்களே நேர் செய்துகொள்வார்கள். குட்டையை மட்டும் விட்டுவைத்தால் போதும்.